எலும்பு டீச்சரும் இடது முன்னங்காலும்

அண்ணி சமையலறைத் தரையில் இரண்டு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நிற்கிறார். எதிரே, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசி. அதில் ஊதா நிற ஓநாய் ஒன்று பாறைமேல் நின்று ஊளையிடுகிறது. அண்ணி அண்ணாந்து, முதலில் இடது கையைத் தூக்கிப் பார்க்கிறார், பிறகு வலது கையை. அடுப்பில் பால் பொங்கி வருகிறது. "தம்பி, அடுப்ப அணைங்க. இந்த ஓநாய் இப்படியே நின்னா குப்புற விழுந்து மூக்க ஒடச்சுக்கும்" என்கிறார், தலையைத் திருப்பாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். நான் மாடியில் குடியிருக்கும் கொழுந்தன். காப்பி குடிக்கக் கீழே வருகிறவன், பல வாரங்களில் நாலு காலில் நின்று இடுப்புப் பிடித்துத் திரும்பியிருக்கிறேன். தன் உடம்பு போதாதபோது அண்ணி என்னையும் ஓநாயாக்குவார். "பின்பக்கத்த கொஞ்சம் எறக்குங்க தம்பி. ஓநாய் இவ்வளவு கூச்சப்படாது."

வார நாட்களில் அண்ணிக்குப் பிராணிகள் மருத்துவமனையில் வேலை. டாக்டர் எலும்பைச் சேர்த்து வைத்துவிட்டுப் போவார், அதன்மேல் கட்டுப் போடுவது அண்ணி. இருபத்தொரு வருடமாக இதே வேலை. மனித முகம் மட்டும் அவருக்கு நினைவில் நிற்காது. கடைத்தெருவில் யாராவது சிரித்தால் "யாரு இவங்க?" என்று என் காதில் கேட்பார். அவர்கள் பிடித்திருக்கும் நாயைப் பார்த்துவிட்டால் போதும், "அட, பின்னங்கால் விரிசல்! சௌக்கியமா?" என்று முகம் மலர்ந்துவிடும்.

ஓநாய்கள் வந்த கதை இது. எங்கள் பகுதி நூலகம், வரையத் தெரியாதவர்களும் வரையட்டும் என்று கைப்பேசியில் ஒரு குழு தொடங்கியது. கற்பனை மிருகம் எதுவும் வரையலாம். முந்நூறு பேர் சேர்ந்தார்கள். முடிவெட்டுகிறவர், வங்கிக் காசாளர், மூன்று நர்ஸுகள். அத்தனை பேரும் ஓநாயே வரைந்தார்கள். ஏன் என்று நூலகருக்கே தெரியவில்லை. இறக்கை வைத்த ஓநாய், கொம்பு வைத்தது, மூன்று வால் உள்ளது, பாதத்தில் தீ எரிவது. அண்ணியும் குழுவில் சேர்ந்தார், ஆனால் ஒரு படம்கூட வரைந்ததில்லை. "நான் வட்டம் போட்டா உருளைக்கிழங்கு வரும்." மற்றவர்கள் வரைந்ததற்குக் கருத்து எழுதாமல் மட்டும் அவரால் இருக்க முடியாது.

கற்பனைக்கு அவர் எதிரி அல்ல. "தீ வரட்டும், கொம்பு வரட்டும், எனக்கென்ன? கால் மட்டும் மடங்குற பக்கம் மடங்கணும்." முன்னங்காலின் நடுவில் இருப்பது முட்டி அல்ல, மணிக்கட்டு. பின்னங்காலில் பின்னால் துருத்திக்கொண்டிருப்பது குதிகால். இதை முந்நூறு பேர் மண்டையிலும் ஏற்றியதில் அவருக்குக் கிடைத்த பட்டம்தான் எலும்பு டீச்சர்.

ஆரம்பத்தில் அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். யாரோ ஆசையாக வரைந்த ஓநாயின் கீழே "இது நாற்காலி" என்று எழுதிவிட்டார். அன்று மாலைக்குள் அந்த ஆள் தன் பதினான்கு படங்களையும் அழித்துவிட்டுக் குழுவிலிருந்தே போய்விட்டார். அண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு சட்டம் போட்டார். இனி எதற்கும் மூன்று வரிதான்: பிடிச்சது, புரியலை, பண்ணலாம். அதை முதலில் மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதி எனக்குப் படித்துக் காட்டுவார். "குத்துதா தம்பி?" லேசாகக் குத்துகிறது என்றாலும் சீட்டு கிழிந்துவிடும்.

அண்ணன் இதை விடுவாரா? ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிடிச்சது, சூடா இருக்கு. புரியலை, இது என்னன்னு. பண்ணலாம், வெளிய போய் சாப்பிடலாம்." அன்று அவருக்கு வெளியில்தான் சாப்பாடு.

சாம்பல்வால் என்ற பெயரில் ஒருவர் வாரம் தவறாமல் ஓநாய் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே சாம்பல் நிற ஓநாய், பெரிய இறக்கைகள். இடது முன்னங்கால் மணிக்கட்டோடு வெளிப்பக்கம் கோணியிருக்கும். அண்ணி இரண்டு வாரம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் வாரம் அந்தப் படத்தின் மேலேயே அளவுகோல் வைத்ததுபோல் சிவப்பில் நேர்க்கோடு போட்டு, கால் இப்படி வரவேண்டும் என்று காட்டினார். கூடவே ஒரு யோசனை: "இறக்கைய எடுத்துட்டா தோள் நல்லா தெரியும்."

அதன்பிறகு சாம்பல்வாலைக் காணோம். ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, ஐந்து ஞாயிறு. அண்ணி காப்பியை ஆறவிட்டுக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பார். "குத்திட்டேனா தம்பி?" இல்லை அண்ணி, வேலை இருக்கும் என்பேன். அந்தச் சிவப்புக் கோடு எனக்கே குத்தியது. அதை நான் சொல்லவில்லை.

போன ஞாயிறு சாம்பல்வாலிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. லாரி ஒன்றின் பக்கத்தில் சாம்பல் நிற நாய் நிற்கிறது. கீழே எழுதியிருந்தார்:

"டீச்சர், நீங்க கோடு போட்ட மாதிரி நேரா வரைய அஞ்சு வாரமா முயற்சி பண்ணேன். கால் நேரா வருது, ஆனா அது எங்க பொண்ணு மாதிரி இல்ல. அவளுக்கு கால் இப்படித்தான். லாரில எங்கூடவே வருவா. ஓட முடியாதுங்க. அதான் இறக்கை வெச்சேன். தப்புன்னா இனிமே வரையலை."

அண்ணி படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க அந்தக் கால்தான்.

"தம்பி, இது நான் கட்டுப் போட்ட கால்."

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் தார்ப்பாயில் சுற்றி அந்த நாயைத் தூக்கி வந்திருக்கிறார். வாசலில் லாரி தெருவை அடைத்து நிற்க, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துத் தள்ளியிருக்கின்றன. டாக்டர் எலும்பைச் சேர்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். "காலோட வெச்சுக் கட்டுற பட்டை ரெண்டு விரல் குட்டை, மணிக்கட்டு வரைக்கும் எட்டல. வெச்சுப் பாத்ததுமே தெரிஞ்சுது. பெருசு மாடியறைல இருந்துச்சு. நான் ஏறிப் போகலை. அப்படியே கட்டிட்டேன். அந்த மனுஷன் நடக்குமாம்மான்னு கேட்டாரு. நடக்கறதென்ன, ஓடும்னு சொன்னேன்."

அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தார். "இத போய் அங்க எழுதப் போறியா? முந்நூறு பேரு டீச்சர் டீச்சர்ங்கறாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரில கேள்வி வரும். கட்டுனது நீன்னு அவருக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுதே."

ஒரு மருந்துச்சீட்டை எடுத்தார். 'பிடிச்சது' என்று எழுதினார், அதற்குமேல் பேனா நகரவில்லை. சீட்டை வைத்துவிட்டுத் தரையில் இறங்கினார். கைகளை ஊன்றி, இடது மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பி, அந்தக் கோணலின்மேல் மெல்ல எடையைக் கொடுத்தார். இடது தோள் தானாகக் கீழே இறங்கியது.

"அவரோட பழைய படத்தையெல்லாம் காட்டுங்க."

ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லா ஓநாய்க்கும் இடது தோள் அதே அளவு இறங்கியிருந்தது.

"சரியாத்தான் வரைஞ்சிருக்காரு தம்பி. என் கண்ணுலதான் படல. கைய ஊனியிருக்கேன், நீங்களே டைப் பண்ணுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "பிடிச்சது: இடது முன்னங்கால். அதுல ஒரு தப்பும் இல்ல. புரியலை: இத்தனை வாரம் பாத்தும் எனக்கு எப்படி அடையாளம் தெரியாம போச்சுன்னு. அந்தக் கட்டு நான் போட்டது. பட்டை குட்டைன்னு தெரிஞ்சேதான் போட்டேன். ஓடும்னு சொன்னவளும் நான்தான். மன்னிச்சிடுங்க."

மூன்றாவது வரிக்காகக் காத்திருந்தேன். அண்ணனும் காத்திருந்தார்.

"பண்ணலாம்..." என்றார் அண்ணி. "இறக்கைய இன்னும் கொஞ்சம் பெருசா பண்ணலாம்."

முழுவதையும் ஒருமுறை படித்துக் காட்டினேன்.

"குத்துதா தம்பி?"

"உங்களத்தான் குத்துது அண்ணி."

"அப்ப அனுப்புங்க."

அனுப்பினேன். எழுந்திருக்கட்டும் என்று கையை நீட்டினேன். அண்ணி அதைப் பிடிக்கவில்லை. கைப்பேசியைப் பார்த்தபடி, அந்தத் திருகிய மணிக்கட்டின்மேல் இன்னும் கொஞ்சம் எடையைச் சாய்த்து, அப்படியே நின்றார்.