குரங்குமேட்டில் இறங்காதவன்

செஞ்சியிலிருந்து மேற்கே சவேரியார்பாளையம் போகிற ரோட்டில் குரங்குமேடு என்று ஒன்று உண்டு. அதைச் சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறுகிறவன் அந்தப் பக்கத்திலேயே ஒருத்தன்தான். அவன் பெயர் அருளானந்தம். ஏறி என்ன கண்டான் என்று கேட்டால், பிற்பாடு அவனுக்கே பதில் சொல்ல வாய் வரவில்லை.

மேடு என்றால் லேசான மேடு இல்லை. அடியில் ஒரு புளியமரம். அங்கிருந்து ரோடு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மெல்லக் கிளம்பும். இரண்டு பெரிய பாறைகள் தலையோடு தலை சாய்ந்து நிற்கிற வளைவு வந்ததும் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அது முடிந்தது, தப்பித்தோம் என்று மூச்சு விடும்போது இன்னொரு ஏற்றம் இருக்கும். மாட்டு வண்டிக்காரன் கீழே குதித்துச் சக்கரத்துக்குத் தோள் கொடுப்பான். பஸ்ஸே முக்கி முனகித்தான் ஏறும். பாறை மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்க்கும்.

அருளானந்தத்துக்குப் பிழைப்பே அந்த மேட்டில்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று வாக்கில் செஞ்சி கடைத்தெருவில் கோதண்டராமன் செட்டியாரின் மளிகைக் கடையிலிருந்து மண்ணெண்ணெய் டின், வெல்லம், உப்பு என்று சைக்கிளில் கட்டி, மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிற சின்னச் சின்னக் கடைகளுக்குப் போட்டு வருவான். ராலே சைக்கிள். கம்பி கம்பியாகப் பலப்படுத்திய பின் கேரியர்.

ஏறுவதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. புளியமரம் வந்ததும் வேகத்தைக் கூட்டமாட்டான். கூட்டுகிறவன் பாறை வளைவில் நாக்குத் தள்ளி நின்றுவிடுவான். ஏறிப் பார்த்த மற்றவர்கள் எல்லாரும் அங்கேதான் கோட்டை விட்டார்கள். அருளானந்தம் செக்கு மாடு மாதிரி நிதானமாக மிதித்துப் போவான். வளைவில் சீட்டை விட்டு எழுந்து, நெஞ்சை ஹேண்டில்பார் மேல் கொண்டுவந்து, ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வளைத்து வளைத்து ஏற்றுவான். உச்சியை நிமிர்ந்து பார்க்கவே மாட்டான். பார்த்தால் கால் செத்துப்போகும் என்பான். முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் கிடக்கிற ரோடுதான் அப்போது அவனுக்கு உலகம். வேறு எதுவும் கண்ணில் படாது. படாமல் போனதுதான் வினை.

மற்ற ஜனங்கள் புளியமரத்தடியில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். சந்தை முடிந்து திரும்பும்போது புருஷன் சைக்கிளைத் தள்ள, பெண்டாட்டி கேரியரில் ஒரு கை வைத்துக்கொண்டு கூட வருவாள். அது வெறும் நடை இல்லை. சவேரியார்பாளையத்து வீடுகளில் ஒரு கூடம், ஒரு அடுப்பு. அப்பன், ஆத்தா, அண்ணன் தம்பிமார், அவர்கள் பிள்ளைகுட்டி எல்லாம் அதற்குள்தான். புருஷனும் பெண்டாட்டியும் மூன்றாவது காது இல்லாமல் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் குரங்குமேடுதான் இடம். பெண்ணை எங்கே கொடுப்பது, எப்போது தனிக்குடித்தனம் போவது, அதை மாமியாரிடம் யார் போய்ச் சொல்வது, எல்லாம் அந்த ஏற்றத்தில்தான் முடிவாகும். அதற்கு ஊரில் ஒரு மரியாதையே உண்டு. முன்னால் ஒரு ஜோடி தள்ளிக்கொண்டு போனால் பின்னால் வருகிறவர்கள் எட்டிப் பிடிக்கமாட்டார்கள். ஒரு கூப்பிடு தூரம் விட்டுத்தான் நடப்பார்கள்.

அருளானந்தம் பெண்டாட்டி ராயம்மாளுக்கு அந்த நடை கிடைக்கவில்லை. புளியமரத்தடியில் சைக்கிள் கொஞ்சம் தயங்கும். அவள் கேரியரிலிருந்து குதித்துக்கொள்வாள். கூடவே ஹேண்டில்பாரில் தொங்குகிற சந்தைப் பையையும் உருவிக்கொள்வாள். பை முன்னால் ஆடினால் ஏறும்போது கை தடுமாறும் என்று அவன் சொல்லி வைத்திருந்தான். அவன் ஏறிப் போய் உச்சியில் மைல்கல் மேல் உட்கார்ந்து ஒரு பீடி குடித்து முடிப்பான். அவள் பையோடு மூச்சு வாங்க வந்து சேருவாள்.

"ஒரு நாளாவது எறங்கி என்னோட நடக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டதுண்டு.

"எறங்கினா ஊரு சிரிக்கும்."

"அப்ப என்னையும் ஒக்கார வச்சி ஏத்துங்க."

"டபுள்ஸ் ஏறாது ராயம்மா. இது இன்னா மோட்டாரா?"

ஏறாது என்று அவன் சொன்னால் ஏறாது. அவள் நம்பினாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் அவளும் இருந்தாள். அந்த வருஷம் தொண்டூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கை ரஞ்சிதத்துக்கு நாலாவதும் பெண்ணாகப் பிறந்தது. பெற்றவளுக்கு உடம்பு சுகமில்லை, பாலும் இல்லை. பார்க்கப் போன ராயம்மாளின் மடியில் குழந்தையைப் போட்டு ரஞ்சிதம் சொன்னாள்: "அக்கா, இத நீயே எடுத்துக்க. ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். அதுக்குள்ள மாமாவ கேட்டு ஒரு வார்த்த சொல்லி அனுப்பு. திண்டிவனத்துல எங்க நாத்தனாரும் கேக்கறாங்க. எனக்கு உன்கிட்ட கொடுக்கத்தான் ஆச."

கேட்கவேண்டியது புருஷனை. ஆனால் வீட்டில் வைத்துக் கேட்க முடியாது. மாமியார் அருளம்மாள் காதில் முதலில் விழுந்தால், மருமகள் வீட்டுப் பிள்ளை நம் வீட்டுக்கு எதற்கு என்று ஆரம்பித்து ஒப்பாரியில் கொண்டுபோய் நிறுத்துவாள். முதலில் அவன் மனதைத் தெரிந்துகொண்டு, அவனையே ஆத்தாளிடம் பேச வைக்கவேண்டும். அதற்கு ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற இடம் அந்த மேடு.

சந்தை நாள் காலையில் அவன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். ராயம்மாள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"இன்னிக்கி திரும்பி வரும்போது மேட்டுல எறங்கி என்னோட நடங்க. ஒரு சேதி சொல்லணும்."

"இப்பவே சொல்லேன்."

அவள் முறத்தோடு உட்கார்ந்திருந்த மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். "மேட்டுல சொல்றன்."

"சரி, நடக்கறன்."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான். போய் பைய எடுத்தா."

போகும்போது மேடு இறக்கம். காற்றுதான் காதில் விழும், வார்த்தை விழாது. சந்தையில் கூட்டம். ஆகவே அவள் சாயங்காலத்துக்காகக் காத்திருந்தாள். அவனும் சொன்ன சொல்லை மறக்கவில்லை. ஒரு நாள் இறங்கினால் என்ன குடி முழுகிவிடும், யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தான்.

புளியமரத்தடியில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ரேடியேட்டர் கொதித்து ஆவி அடித்தது. பிரயாணிகள் எல்லாம் கீழே. மரத்து வேரில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கோதண்டராமன் செட்டியார். மேட்டு உச்சியைத் தாண்டியதுமே இருக்கிற ஊரில் அவர் மகளுக்குத் தாம்பூலம் மாற்றுகிறார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நடக்கிற உடம்பு இல்லை அவருக்கு. கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிற தங்கராசுவும் அதே பஸ்ஸில் வந்திருந்தான். அவனுக்கு அருளானந்தத்தைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது.

"செட்டியாரே, உங்களுக்கு வண்டி வந்திடுச்சி. அதோ பாருங்க, எறங்காதவரு."

"நான் ஒக்காந்தா சைக்கிளு படுத்துக்கும்பா," என்றார் செட்டியார். பஸ் ஜனம் சிரித்தது.

"அதான பாக்கணும். மண்ணெண்ண டின்ன ஏத்தறது பெரிசில்ல. டின்னு அசையாது. ஆள வச்சி ஏத்தினாத்தான் ஆம்பள. அதுக்குத்தான் பெஞ்சாதிய கீழ எறக்கி வுட்டுட்டு ஏறாரு," என்றான் தங்கராசு.

ராயம்மாள் பையை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அருளானந்தத்தின் ஒரு கால் அப்போது தரையில்தான் இருந்தது. இன்னொரு காலையும் எடுத்து வைத்திருந்தால் போதும்.

"முடியுமா ஆனந்தம்? முடியாட்டி சொல்லிடு, தப்பில்ல," என்றார் செட்டியார். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் அந்த 'முடியாட்டி' அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ராயம்மா, அவருக்கு நேரமாவுது. மேல வுட்டுட்டு நிக்கறன். சேதிய அங்க சொல்லு."

"மேல சொல்ல முடியாதுங்க," என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டான்.

செட்டியார் கேரியரில் உட்கார்ந்ததும் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்த்தது. முன்னால் கனம் வேண்டும். அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். ராயம்மாள் கையிலிருந்த பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினான். புளியும் உப்பும் இருந்த பை. சக்கரம் அமர்ந்தது.

"செட்டியாரே, இடுப்ப கெட்டியா புடிச்சிக்கங்க. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடாதீங்க. சாமி கும்புடறதா இருந்தா மனசுக்குள்ள கும்புடுங்க."

அன்றைக்கு அவன் ஏறிய ஏற்றம் ஏற்றம்தான். அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. பாறை வளைவில் செயின் கிறீச்சிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் பெடல் ஒரு கணம் நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசித்துப் பிறகுதான் கீழே போனது. தொடை நெருப்பாக எரிந்தது. கண்ணில் வியர்வை இறங்கியதைத் துடைக்கக் கை இல்லை. இரண்டாவது ஏற்றத்தில் முட்டியில் என்னவோ நெளிந்தது. அவன் விடவில்லை. பின்னால் பஸ் ஜனம் மொத்தமும் கத்திக்கொண்டு ஓடி வந்தது. உச்சியில் மைல்கல்லைத் தொட்டு நிறுத்தியபோது செட்டியார் தன் துண்டை எடுத்து அவன் கழுத்தில் போட்டார். தங்கராசுகூட, "நீ மனுஷனே இல்லடா," என்று முதுகில் தட்டினான்.

எல்லாருக்கும் கடைசியில் ராயம்மாள் வந்தாள். சுற்றிலும் ஜனம்.

"சொல்லு, இன்னா சேதி?" என்றான் மூச்சு வாங்க, முகமெல்லாம் பல்லாக.

அவள் ஹேண்டில்பாரில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"பை ஆடலியா?"

"அது இருந்ததாலதான் முன்சக்கரம் தூக்கல."

"டபுள்ஸ் ஏறுது," என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டாள். அங்கிருந்து ஊர்வரை சமமான ரோடு. அவள் கேரியரில் உட்காரவில்லை, நடந்தே போனாள்.

வீட்டில் இரண்டு தடவை கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். இரண்டு தடவையும் ஆத்தா பக்கத்தில் இருந்தாள். மூன்றாவது தடவை கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. ஊர் முழுக்க அவன் ஏறிய கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னது. சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது.

கொஞ்ச நாள் கழித்துச் செட்டியார் கடை வாசலில் டின் கட்டிக்கொண்டிருந்தபோது ரஞ்சிதத்தின் புருஷன் அருள்சாமி வந்தான். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இன்னா சகலை, கோவமா?"

"கோவம் இன்னா சகலை. நீங்க ஒரு வார்த்த சொல்லி அனுப்பி இருந்தா கொழந்தய திண்டிவனம் அனுப்பி இருக்கமாட்டோம். வேணாம்னாலும் வேணாம்னு சொல்லி இருக்கலாம்."

"எந்தக் கொழந்த?"

அருள்சாமி அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். "உங்கள கேட்டுட்டு சொல்றன்னு அண்ணி சொல்லிட்டுப் போச்சி. அப்புறம் பேச்சு மூச்சு இல்ல. உங்களுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சிக்கிட்டோம்."

அன்றைக்குக் குரங்குமேட்டடியில் அருளானந்தம் இறங்கினான். டின் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். நடந்தால் அந்த மேடு அவ்வளவு நீளம் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. பாறைக்குப் பின்னால் உட்கார வாகாக ஒரு கல் இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அதன் மேல்பக்கம் வழவழவென்று இருந்தது. ராயம்மாள் அதில் உட்கார்ந்திருப்பாளா என்று நினைத்தான். கேட்கவேண்டும் என்றும் நினைத்தான். கேட்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் புளியமரத்தடியில் அவளோடு அவனும் இறங்கினான்.

"ஏன், செயின் அறுந்துடுச்சா?" என்றாள்.

"அருள்சாமி சொன்னான்." கொஞ்ச தூரம் தள்ளினான். "நீ சொல்லி இருக்கலாமே, ராயம்மா. கத்தியாவது சொல்லி இருக்கலாமே."

"எங்க வந்து கத்தறது? நீங்க மேல போயிட்டீங்க."

"திண்டிவனம் போய் கேட்டுப் பாக்கட்டுமா?"

"கொடுத்த கொழந்தய எப்படிங்க கேப்பாங்க? அவங்களும் பிள்ள இல்லாதவங்கதான்."

அதற்கப்புறம் அவன் ஒருபோதும் அந்த மேட்டை ஏறி மிதிக்கவில்லை. முட்டி போய்விட்டது, அன்றைக்குச் செட்டியாரை ஏற்றியதில் போனது என்று கடைத்தெருவில் சொன்னார்கள். அவனும் ஆமாம் என்றான். முட்டி வலித்ததும் நிஜம்தான். மளிகை பஸ்ஸில் ஏற ஆரம்பித்தது. எறங்காதவரு என்ற பட்டம் மட்டும் கேலியாக மிச்சம் நின்றது.

சந்தை நாளில் இருவரும் சேர்ந்து நடப்பார்கள். ராயம்மாள் மாட்டைப் பற்றிப் பேசுவாள், மழையைப் பற்றிப் பேசுவாள், ஓரகத்தி குத்திக்காட்டியதைச் சொல்வாள். அவன் எல்லாவற்றையும் கேட்டான். குழந்தைப் பேச்சை மட்டும் அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

அறுபத்தெட்டில் அருள்சாமி வீட்டு விசேஷத்துக்குப் போனார்கள். திண்டிவனத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு ஸ்டெல்லா என்று பெயர் வைத்திருந்தார்கள். துறுதுறுவென்று இருந்தது. அருளானந்தத்தின் சைக்கிள் மணியை விடாமல் அடித்தது. ராயம்மாளை யாரோ காட்ட, ஓடி வந்து, "பெரிம்மா," என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவள் தன் தலையில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளி அதற்கு வைத்துவிட்டாள்.

திரும்பும்போது புளியமரத்தடியில் அவள் வழக்கம்போல இறங்கினாள். அருளானந்தம் இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றி நின்றான்.

"ராயம்மா, ஒக்காரு. இன்னிக்கி ஏத்திடறன்."

"முட்டி?"

"வலிக்கல. ஒக்காரேன்."

அவள் மேட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தலை நரைத்திருந்தது. வேட்டிக்குக் கீழே முட்டி வீங்கியிருந்தது.

"வேணாங்க," என்றாள். "எறங்குங்க. நடப்போம்."

இறங்கினான். அவள் கேரியரில் கை வைத்துக்கொண்டாள். பாறை வளைவு வந்தது. அந்த வழவழப்பான கல் வந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தார்கள். முன்னால் இரண்டு பேர் போவதைப் பார்த்ததும் மரியாதையாக நின்று, ஒரு கூப்பிடு தூரம் விட்டு மெல்ல நடந்தார்கள். என்னவோ முக்கியமான பேச்சு நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

மேடு முடியும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.