மாலைதீவுக்குப் போன அக்கா

எங்கள் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் யாருடைய வேன் ஏற்றுகிறதோ, அவர்கள் வீட்டில்தான் முதல் சாப்பாடு. கொழும்பின் ஒரு பக்கம், கொட்டாஞ்சேனையில் எங்கள் அம்மா. மறுபக்கம், வெள்ளவத்தையில் அக்காவின் மாமியார். மெல்பேர்னிலிருந்து அக்கா வந்த இரண்டு முறையும் வெள்ளவத்தை வேன்தான் முந்தியது. அம்மாவின் பன்றிக்கறி மறுநாள் சூடாக்கித்தான் அக்காவின் வாய்க்குப் போனது. அம்மா சட்டி கழுவிய சத்தத்திலேயே எல்லாம் விளங்கியது.

இந்த முறை மூன்று வருடம் கழித்து வருகிறாள். விடுவேனா?

எதிரி, அக்காவின் கணவரான அத்தானின் தம்பி. ஐடி வேலை. பறக்கிற விமானத்தைப் படத்தில் காட்டும் செயலியை எங்கள் எல்லோருடைய போனிலும், அம்மாவின் போனிலும்கூட, போட்டுத் தந்தவன் அவன்தான். அந்தச் செயலி சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு.

எனக்கு அப்படியில்லை. அக்கா சிங்கப்பூரில் மாறி ஏறப்போகும் விமானத்தின் இலக்கத்தை ஒரு கிழமைக்கு முன்பே போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூர் – மாலைதீவு என்றது. ஆனால் அந்தக் குட்டி மஞ்சள் விமானம் மாலைதீவை எட்டியும் பார்க்காமல் கட்டுநாயக்கவில் இறங்கியது. மறுநாளும் அப்படியே. எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்ததால் தேடிப் படித்தேன். விமானம் வானத்தில் தன் பெயரையும் நிற்கிற இடத்தையும்தான் அறிவித்துக்கொண்டு போகிறதாம். பெயர் என்றால் நிறுவனத்துக்கான மூன்று எழுத்து, பின்னால் ஓர் இலக்கம். எங்கே போகிறேன் என்று அது சொல்வதில்லை. ஊரைப் போடுவது செயலி. தன்னிடமுள்ள அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடி, எதிரே இருப்பதைத் தூக்கிப் போடுகிறது. முன்பு மாலைதீவுக்கு ஓடிய இலக்கத்தை நிறுவனம் இப்போது கொழும்புக்குக் கொடுத்துவிட்டது. அட்டவணையை ஒருவரும் திருத்தவில்லை. விமானம் நிற்கிற இடம் பாதைக்குப் பொருந்துகிறதா என்றும் செயலி பார்க்குமாம். மாலைதீவுக்குப் போகிற வழியும் நமக்குக் கொஞ்சம் தெற்காலேதான் போகிறது, அதனால் அதற்குச் சந்தேகமே வரவில்லை.

இதை நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அக்கா வரும் செவ்வாய்க்கிழமை காலை அவன் எனக்குப் போன் எடுத்தான்.

“மச்சாள், பாத்தனீங்களே? டிக்கெட்டில கொழும்பெண்டு கிடக்கு. அண்ணி மாலைதீவுக்கெல்லே போறா! அங்க இறங்கித்தான் இங்க வருமாக்கும்.”

“அப்பிடியே மச்சான்? அப்ப ஆறுதலாச் சாப்பிட்டிட்டு வெளிக்கிடுங்கோ.”

எங்கள் வேன் அப்போது விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வத்தளையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவன் மறுபடி எடுத்துத் தொல்லை தரக்கூடாதென்று போனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கைப்பைக்குள் போட்டேன். அம்மா அடுப்பை விட்டு வரமாட்டேன் என்று வீட்டில் நின்றுவிட்டார்.

அக்கா வெளியே வந்தபோது வெள்ளவத்தை ஆட்கள் ஒரு குஞ்சும் இல்லை. வேனில் ஏறியதும் அம்மாவோடு கதைக்க வேண்டும் என்றாள்.

“வேண்டாம், நேரில போய் நிப்பம்,” என்றேன். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

கொட்டாஞ்சேனையில் வீடு பூட்டிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு அன்ரி ஓடிவந்தார். “எங்க போனீங்க பிள்ளை? அம்மா போனைப் பாத்துப் பாத்து ஒரே அழுகை. மகளை மாலைதீவுக்குக் கொண்டு போறாங்களாம். நீங்களும் போன் எடுக்கேல்லை. மருமகன்ர தம்பிக்குத்தான் உதெல்லாம் தெரியும் எண்டு, கறிச்சட்டியையும் தூக்கிக்கொண்டு திரீவீல் ஓட்டோவில வெள்ளவத்தைக்குப் போயிட்டா!”

போனை எடுத்தேன். திரை முழுக்க அம்மா எடுத்த அழைப்புகள். இவ்வளவு நேரம் என்னிடமிருந்த துள்ளல் எங்கே போனதென்று தெரியவில்லை. ஊரையெல்லாம் ஏமாற்றத் தெரிந்த எனக்கு, பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று அழுகை வந்தது. அக்கா என்னை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அது இன்னும் மோசம்.

காலி நகருக்குப் போகும் காலி வீதியின் நெரிசலில் ஊர்ந்து வெள்ளவத்தைக்குப் போனோம். கதவைத் திறந்த அத்தானின் தம்பி அக்காவைப் பார்த்தான், போனைப் பார்த்தான், மறுபடி அக்காவைப் பார்த்தான். உள்ளே மாமி மேசையில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துவிட்டார். செவ்வாய் அந்த வீட்டில் மரக்கறி மட்டும் என்பதால் அம்மாவின் சட்டி பல்கனியில் இருந்தது. அம்மாவும் அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், காவல் இருப்பதுபோல.

அக்காவைக் கண்டதும் எழும்பி, இரண்டு கையாலும் அவளுடைய முகத்தைப் பிடித்துக்கொண்டார். சட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் வைத்தார். மாமி உள்ளேயிருந்து அதைக் கண்டும் காணாதவர்போல் தண்ணீர் ஊற்றப் போனார்.

“நான் மாலைதீவுக்குப் போயிருந்தா என்ன செய்திருப்பீங்க அம்மா?” வாய் நிறைய வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்.

“அங்கயும் வந்திருப்பன், சட்டியோட.”