கடவுச்சீட்டு கப்பலில் இருக்கும்

தெருமூலை டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் அம்புறோஸின் சட்டைப்பையில் குடியுரிமை அட்டை இருக்கும். அதோடு சுகாதார அட்டையும் சாரதி அனுமதிப்பத்திரமும் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் கிடக்கும். ரொறன்ரோவுக்குக் கலியாண வீட்டுக்குப் போகிற நாள்களில் கடவுச்சீட்டும் சேர்ந்துகொள்ளும். பக்கத்து மாகாணத்துக்குப் போகக் கடவுச்சீட்டு எதற்கு என்று மகள் சஜிதா பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலேயே கேட்டிருக்கிறாள்.

"கேக்கமாட்டாங்கள் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். கேட்டால்?" என்பார்.

கேட்டால் என்ன செய்வது என்பதற்கு மொன்றியலின் ரொக்ஸ்பரோவிலிருந்த அந்த வீட்டில் யாரிடமும் விடை இருக்கவில்லை. ஆகவே சட்டைப்பை எப்போதும் கனத்தே இருந்தது.

அம்புறோஸ் மன்னார்க்காரர். சென் லோரனில் யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்துக் கதிரைகளை மடித்து அடுக்குவது அவருடைய பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு அல்ல, அவராக எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் பாரிஸிலிருக்கும் தம்பி நீக்கிலாப்பிள்ளைக்கு தொலைபேசி அட்டை போட்டுக் கதைப்பார். கதை ஒவ்வொரு கிழமையும் ஒரே இடத்தில்தான் முடியும்.

"ஒருக்கா வாவன் அண்ணை."

"பாப்பம்."

பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியால் மொன்றியலுக்கு வர இயலாது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு கிடக்கிறவர் அவர். அண்ணனால் போக முடியும். போகவில்லை.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எண்பத்தேழில் அண்ணனும் தம்பியும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ற் ஒருவனோடு பாரிஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். வரிசையில் நின்றபோது, "ஒரு நிமிஷம் தாங்கோ, நான் அங்கால நிப்பன்" என்று ஏஜென்ற் இரண்டு கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனான். அங்கால அவன் நிற்கவில்லை. வரிசை கரைந்து கடைசியில் இவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். அதன்பிறகு பொலிஸ், ஓர் அறை, வாங்குப் பலகையில் படுக்கை, கேள்விகள். தம்பியின் அகதி விண்ணப்பத்தைப் பிரான்ஸ் ஏற்றது, அண்ணனுடையதைத் தள்ளியது. அடுத்த வருடம் அவர் வேறு வழியாக மொன்றியல் வந்து சேர்ந்தார். மனைவி திரேசம்மாவையும் சஜிதாவையும் கூப்பிட்டெடுத்தார், வீடு வாங்கினார், லண்டனுக்கு ஒரு கலியாணத்துக்குக்கூடப் போய்வந்தார். ஆனால் பிரான்சில் ஒரு வரிசையில் இனி நிற்க மாட்டேன் என்பது மட்டும் மாறவில்லை.

சஜிதா, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள். இரண்டாயிரத்து ஆறில் அவளுக்கு இருபத்துநாலு வயது. நகரத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. அந்த வேலைக்கும் படித்த படிப்புக்கும் என்ன தொடர்பு என்று ரயிலில் போகும்போது அடிக்கடி யோசிப்பாள். அந்தக் கோடையில் கூட வேலைசெய்யும் ஒருத்தி உல்லாசக் கப்பல் விளம்பரம் ஒன்றைக் காட்டினாள். இங்கிலாந்தில் சவுத்ஹம்ரனில் ஏறினால் கப்பல் வழியில் ஒரு பகல் முழுவதும் லு ஹாவ்ர் துறைமுகத்தில் நிற்கும். லு ஹாவ்ர் பிரான்சில் இருக்கிறது. அங்கிருந்து பாரிஸுக்கு ரயிலில் இரண்டு மணித்தியாலம். சஜிதா விளம்பரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"அப்பா, இதில எயார்போட்டும் இல்லை, லைனும் இல்லை. பலகை போடுவாங்கள், இறங்கி நடக்கிறதுதான்."

அம்புறோஸ் கப்பலின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கடலால வாறவனை ஆர் மறிக்கப் போறாங்கள்" என்றார். வீட்டில் அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த வைகாசிக்கு மூன்று இடம் பதிவாயிற்று.

அதன்பிறகு சஜிதாவின் பின்னேரங்கள் கணினிக்கு முன்னால் கழிந்தன. கப்பல்காரரே பஸ்ஸில் ஏற்றிப் பாரிஸைச் சுற்றிக்காட்டுவார்கள். அந்த பஸ் எவ்வளவு பிந்தினாலும் கப்பல் காத்து நிற்கும். ஆனால் அது சித்தப்பாவின் வீட்டு வாசலுக்குப் போகாது. தாங்களாக இறங்கிப் போகிறவர்கள் பிந்தினால் கப்பல் நிற்காது, அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொன்றையும் அவள் பார்த்தாள். கப்பலடியிலிருந்து ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது, பாரிஸில் இறங்கிச் சித்தப்பா இருக்கும் லா கூர்நோவுக்கு எந்த மெற்றோ எடுப்பது, திரும்பும்போது கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தின ரயிலுக்கும் முந்தினதைப் பிடிப்பது. அச்சடித்த தாள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டப்பட்டது.

திரேசம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரேயொரு திருத்தம் சொன்னார். "சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் காணாது, பிள்ளை. உங்கட சித்தி சமைச்சு வச்சிட்டு இருப்பா. சாப்பிட்ட உடன எழும்பினால் சாகுமட்டும் சொல்லிக் காட்டுவா."

சஜிதா தாளை மாற்றினாள். திட்டம் ஒவ்வொரு கிழமையும் திருத்தமாகி வந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. படித்ததற்கு இந்த வீட்டில் முதல்முறையாக ஒரு பயன் கிடைத்திருக்கிறது என்றும் நினைத்தாள். இதையெல்லாம் அப்பாவுக்காகச் செய்கிறேனா, அந்தத் தாளுக்காகச் செய்கிறேனா என்றும் தன்னையே கேட்டுப் பார்த்தாள்.

புரட்டாதியில், முன்பு போய்வந்தவர்கள் எழுதும் இணையப்பக்கம் ஒன்றில் அந்த வரியைக் கண்டாள். கப்பலில் ஏறும்போதே கடவுச்சீட்டை வாங்கி வைத்துவிடுவார்கள். பயணம் முடியும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். இடையில் கரைக்கு இறங்கக் கப்பலின் அட்டை ஒன்று போதும்.

திரேசம்மாவிடம் சொன்னாள்.

"இப்ப சொல்லாத. ஏறினாப் பிறகு தெரியட்டும்" என்றார் அவர்.

சஜிதா இரண்டு நாள் சொல்லாமல் இருந்து பார்த்தாள். ஏஜென்ற்காரரும் பயணிகளை இப்படித்தானே கொண்டுபோனார்கள் என்று தோன்றியது. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாள்.

அம்புறோஸ் கோபப்படவில்லை. "அப்ப நான் இறங்கேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் போய்ப் பாத்திட்டு வாங்கோ" என்றார்.

"கப்பல்காரரைக் கேட்டனான் அப்பா. ஒருவேளை கேட்டால் தருவினமாம்."

"ஒருவேளை."

"உறுதியாச் சொல்ல மாட்டினமாம்."

"அவனும் ஒரு நிமிஷம் எண்டுதான் சொன்னவன்." அவர் எழுந்து கையைக் கழுவினார்.

திரேசம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சேருங்கோ, தம்பியப் பாக்கவெண்டு கடல் தாண்டிப் போய்ப் படியில நிண்டு திரும்புறதோ? அந்த மனிசனுக்கு எத்தினை நாளைக்குச் சீவன் நிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"கப்பலில இருந்து போன் எடுப்பன்."

"அதுக்கு ரொக்ஸ்பரோவில இருந்தே எடுக்கலாம்!"

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சஜிதா இருவரையும் நகரத்துக்குக் கூட்டிப்போனாள். அம்மாவின் முழங்காலோடு ரயிலும் மெற்றோவும் மாறி எவ்வளவு நடக்கலாம் என்று பார்க்க அவளுக்கு ஓர் ஒத்திகை தேவைப்பட்டது. அம்புறோஸ் மறுக்கவில்லை. ரொக்ஸ்பரோ ஸ்ரேசனில் ஏறி, மலைக்கு அடியால் சுரங்கத்தில் போய், நடுநகரில் இறங்கிப் பழைய துறைமுகம் வரை நடந்தார்கள். அங்கே வெள்ளைக் கப்பல் ஒன்று கட்டியிருந்தது. இலை நிறம் மாறுவதைப் பார்க்க வருகிற கப்பல்கள் வந்துபோகும் மாதம் அது.

திரேசம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாங்கில் இருந்தார். அப்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும் அவர்களிடம் வந்து, மலையில் இருக்கும் பெரிய கோயிலுக்கு எப்படிப் போவது என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். சூசையப்பர் கோயிலைத்தான் கேட்டார்கள். கிழவரின் கையில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. நேரங்கள், மெற்றோவின் பெயர், கோடுகள். சஜிதாவுக்குத் தன் தாளையே பார்ப்பதுபோல இருந்தது. ஆனால் அவர்கள் நேர் எதிர்த்திசையில் நடந்து வந்திருந்தார்கள்.

அம்புறோஸ் வழி சொன்னார். பிறகு கப்பல் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று கேட்டார். பின்னேரம் என்றார் கிழவர். பிறகு, "பாஸ்போர்ட்?" என்று கேட்டார் அம்புறோஸ்.

கிழவர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். கடவுச்சீட்டு கப்பலில் இருக்கிறதாம்.

"பொலிஸ் கேட்டால்?"

கிழவர் மனைவியைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வி தங்களுக்கு வந்ததே இல்லை என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது. "இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லையே" என்றார் கிழவி.

அம்புறோஸ் சஜிதாவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "இதுகளைத் தனிய விடேலாது."

"அப்பா, மெற்றோவில ஏத்தி விட்டால் போவினம்."

"மாறி இறங்கினால்? பாஸ்போர்ட்டும் இல்லை, கப்பலும் போயிடும். நீ அம்மாவோட இரு."

அவர் அந்த இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஸ்னோடன் மெற்றோ நிலையத்தில் இறங்கி, கோயில்வரை நடத்திக் கூட்டிப்போய், படிகளுக்குக் கீழே காவல் நின்று, போதும் வாருங்கள் என்று அவசரப்படுத்தி, கப்பல் வெளிக்கிட இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கும்போதே துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கிழவிக்கு இன்னும் கொஞ்சம் சுற்றிப்பார்க்க ஆசை இருந்தது தெரிந்தது. அம்புறோஸ் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கோப்பி வாங்கித் தருகிறோம் என்று அவர்கள் சொன்னதற்கும் சம்மதிக்கவில்லை. இருவரும் கப்பலுக்குள் போய் மறைந்த பிறகும் அங்கேயே நின்றார்.

"ஏறியிட்டினம் அப்பா. வாங்கோ, அம்மாவுக்குக் குளிருது."

"பொறு."

மேல்தளத்தில் கிழவர் தெரிந்தார். கையைக் காட்டினார். அம்புறோஸும் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

வீடு போகிற ரயிலில் ஏறியதும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "நான் நிண்டிராட்டி அதுகள் என்ன செய்திருக்கும்?" என்றார்.

"வேற ஆரையும் கேட்டிருப்பினம்" என்றாள் சஜிதா.

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் பூசை முடிந்து, கதிரைகள் அடுக்கி, வீட்டுக்கு வந்து அட்டை போட்டார். சஜிதா அடுக்களையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது.

"டேய் தம்பி. கப்பலால நான் பாஸ்போர்ட் இல்லாமத்தான் இறங்கவேணுமாம்."

"அதுக்கு?"

"நீ வாசல்ல நிப்பியோ?"



"எந்த வாசல்ல?"

"கப்பல் வாற இடத்தில. நான் இறங்கேக்க கண்ணுக்குத் தெரியவேணும்."

"இதை நீ ஆடியிலயே கேட்டிருக்கலாமே, அண்ணை. என்ர பெடியன் வான் வச்சிருக்கிறான். நான் அங்க வந்து நிக்க, நீங்கள் ஏன் ரெயிலேறி ஓடித் திரியிறியள்?"

"வருத்தக்காரனை அலைக்கப்படாதெண்டு..."

"வருத்தம் கிட்னிக்கு, அண்ணை. வான்ல குந்தியிருக்கிறதுக்குக் கிட்னி என்னத்துக்கு? அது மெசின் இல்லாத நாள்தானே?"

"வியாழக்கிழமை."

"அப்ப சரி. சோறும் கொண்டாறன். மனிசி வெளியில சாப்பிட விடமாட்டாள்."

"வாசல்ல நிப்பாய்?"

"நிப்பன் எண்டு சொல்லுறனெல்லே!"

சஜிதா குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தாள். மூன்று மாதத் திட்டம் அதில் ஒட்டியிருந்தது. அத்தனை நாளில், வர முடியுமா என்று சித்தப்பாவை யாரும் கேட்கவில்லை. நோயாளி என்று இரக்கப்பட்டுக் கேட்காமல் விட்டார்கள். ரயில் நேரமெல்லாம் தேடியவளுக்கு அது தோன்றவேயில்லை. எது தோன்றவேண்டும் என்பதை எங்கே படிப்பது என்று யோசித்துக்கொண்டு தாளைக் கழற்றினாள். திரேசம்மா அதை வாங்கி, பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், மரக்கறி வாங்கும் துண்டாக ஆக்கிக்கொண்டார்.

வைகாசியில் போனார்கள். சவுத்ஹம்ரனில் கப்பலேறும்போது மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கையை நீட்டினாள். அம்புறோஸ் கடவுச்சீட்டைக் கொடுத்தார், உடனே விடவில்லை. அவள் மெதுவாக இழுத்த பிறகுதான் கை விட்டது. லு ஹாவ்ரில் இறங்கிய காலை, துறைமுக வாசலில் நின்ற காவலாளி அட்டையைப் பார்த்து "போன்ஜூர்" என்றான், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்புறோஸ் சப்பாத்துக்குள்ளிருந்து மடித்த பிரதி ஒன்றை எடுத்து நீட்டினார். கடவுச்சீட்டின் பிரதி. அது சப்பாத்துக்குள் இருந்தது திரேசம்மாவுக்கே தெரியாது. காவலாளி வேண்டாம் என்று கையால் காட்டினான். அம்புறோஸ் அந்த இடத்திலேயே கொஞ்சம் நின்றார். இருபது வருடமாக ஆயத்தப்படுத்தி வைத்திருந்த பதிலைக் கேட்க ஆளில்லை.

வேலிக்கு அப்பால், மடக்குக் கதிரையில், வைகாசி வெயிலிலும் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு நீக்கிலாப்பிள்ளை இருந்தார். அண்ணனைக் கண்டதும் எழுந்து நின்றார். மகன் பிடிக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டார்.

"மெலிஞ்சுபோனாய்" என்றார் அண்ணன்.

"உனக்குத் தலை முழுக்க நரைச்சிட்டுது."

அவ்வளவுதான் பேச்சு. வானில் கடற்கரைக்குப் போய்க் கூழாங்கற்களில் துணி விரித்துச் சோறு சாப்பிட்டார்கள். சகோதரர் இருவரும் பிள்ளைகளின் வேலையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதைத்தார்கள். கப்பல் வெளிக்கிட வெகுநேரம் இருக்கும்போதே அம்புறோஸ் எழும்பிவிட்டார். கூட வந்திருந்த சித்தி, திரேசம்மா சொல்லியிருந்தபடியே, அதைச் சொல்லிக் காட்டினாள். வாசலில் தம்பி மறுபடி கதிரையைப் போட்டு இருந்தார். அண்ணன் மேல்தளத்தில் தெரிந்து கையைக் காட்டிய பிறகுதான் வான் திரும்பியது.

மொன்றியலில் பூசைக்குப் பிறகு, கோயிலில் பழக்கமான அருமைநாதன் கேட்டார். "பிரான்சுக்குப் போய் ஈபிள் கோபுரம் பாக்கேல்லையோ, அம்புறோஸ் அண்ணை?"

"பாரிசுக்கே போகேல்லை."

"பின்னை என்னத்துக்குப் போனனீங்கள்?"

அம்புறோஸ் ஒரு கதிரையை மடித்து மற்றதன்மேல் வைத்தார். "அவன் வந்து நிண்டவன்" என்றார்.

அன்று பின்னேரம் பால் முடிந்திருந்தது. அம்புறோஸ் டெப்பனருக்குக் கிளம்பினார். சஜிதா வாசலில் நின்று அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். பிளாஸ்ரிக் உறை வழக்கம்போல அங்கேதான் இருந்தது.