ஹீட்டருக்குள் சாமை

ஜமுனாமரத்தூரில் இன்று காலை நல்ல பனி. மலை இறங்கிக் கண்ணமங்கலம் வரை போக வேண்டும். என் பழைய காரின் கண்ணாடியில் ஆவி படிந்து பாதையே தெரியவில்லை. ஹீட்டரைப் போட்டால் ஃபேன் சுற்றவில்லை.

ஃப்யூஸ் மாற்றினேன். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தேன். மோட்டார் முனகியதோடு சரி.

கழற்றிப் பார்த்தால் ஃபேன் முழுக்கச் சாமை!

"நேத்து வெயில்ல பானெட்டு நல்லா சுடுதுன்னு மேல காயப்போட்டேன். கண்ணாடிகிட்ட இருக்கிற ஓட்டையில கொஞ்சம் உள்ள போயிருக்கும். அதுக்கு இன்னாங்க இப்ப?" என்றாள் மனைவி.

சுத்தம் செய்து மாட்டினேன். ஃபேன் சுற்றியது. உள்ளே இன்னும் ஒட்டியிருந்த உமியெல்லாம் என் முகத்தில் பறந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். "பரவால்லியே, நல்லா தூத்துதே! மீதி மூட்டையும் எடுத்துனு வரட்டா?"

பத்திரமாக மலை இறங்கிவிட்டேன். இப்போது நீங்களே சொல்லுங்கள், நான் வைத்திருப்பது காரா, முறமா?