செயலிக்குப் பிடிபடாத மச்சானின் குரல்

திங்கட்கிழமை மச்சானுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. அதன்பின் குரல் எப்படி இருக்கும் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. மச்சானுடைய பட்டாளக் கதைகளை அவர் குரலிலேயே பதிவு செய்து, எழுத்திலும் கொடுக்க வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். நான் அவரை அக்கா என்று அழைப்பேன். ஊர்ச் செய்திகளைத் தேதி போட்டுச் சேர்க்கிறவன் என்பதால் வேலை என்னிடம் வந்தது. சனிக்கிழமை காலை ராஜபாளையத்திலிருந்து மம்சாபுரம் போனேன்.

மச்சான் கொஞ்ச நேரம் பேசியதும், கைப்பேசியில் பேச்சை எழுத்தாக்கும் செயலி எழுதியதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பிழைகளை ஒலி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 'வந்தேன்', 'போனேன்' என்பவற்றின் கடைசி 'ன்' எங்கள் பேச்சில் தனியாக ஒலிக்காது. முந்தைய உயிரில் மூக்கொலியாகக் கரைந்துவிடும். அங்கெல்லாம் செயலி சறுக்கியது. 'இருக்கு' என்பதில் மச்சான் 'இ'யை விழுங்கிய இடங்களில், மிச்சத்தை முந்தைய சொல்லோடு ஒட்டிவிட்டது.

இதை அவரிடம் விளக்கியதுதான் வினை.

"இம்புட்டுத்தானா மாப்ளே? இப்பப் பாருங்க" என்றவர், அணிவகுப்புக்கு வர்ணனை கொடுப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் விடுமுறையில் இல்லம் திரும்பிக்கொண்டிருந்தேன்" என்றார். செயலி ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதியது.

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "யாரு இது பேசுறது? இல்லமாம்ல! இந்த ஆளோடயா நான் குடித்தனம் பண்ணுனேன்?"

"ஏட்டி, மிஷினுக்குப் புரிய வேண்டாமா?"

சாதாரணமாகப் பேசச் சொல்லிக் கெஞ்சினேன். கைப்பேசியைக் கண்டதும் மறுபடி வர்ணனை. மதியச் சாப்பாடு வரை இதே பாடு. விட்டால் போதும் என்று கிளம்பத் தோன்றியது.

கடைசியில் அக்காவே வந்து எதிரில் உட்கார்ந்தார். "லீவுல வந்தப்போ ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்காம ராஜபாளையத்துல போயி எறங்குனீகளே, ஏன்?"

"ரயிலு நிக்கல."

"நின்னுச்சு. ஊர்க்காரவுக அம்புட்டுப் பேரும் எறங்கியாச்சு. நீங்கதான் கொறட்டை."

"எவஞ் சொன்னான்? எல்லையில பனியில நின்னுட்டு, ரயிலு கூட்டத்துல டிரங்குப் பெட்டி மேல உக்காந்தே வாரேன், செத்த நேரம் கண்ணசந்தா அது ஒரு குத்தமாட்டி?"

கோபத்தில் மச்சானுக்குக் கைப்பேசி மறந்துபோனது. அக்கா விடவில்லை. குறுக்குக் கேள்வி போட்டே, பட்டாளத்தில் சேர்ந்தது முதல் எல்லாவற்றையும் சண்டையாகவே வாங்கிவிட்டார்.

செயலி அதில் பாதியைக் குதறி வைத்திருந்தது. குரல் பதிவை மட்டும் போட்டுக் காட்டினேன். மச்சானின் அதட்டலைக் கேட்டு அக்கா தலையாட்டினார்.

"இவுகதான். இதையே எழுதிக் குடுங்க."

மாலையில் வீட்டுக்கு வந்து, செயலியைத் திட்டிக்கொண்டே, ஒவ்வொரு வரியாக நிறுத்திக் கேட்டு நானே தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன்.