பதினான்கு கொலைகளைப் பார்த்த லோகநாயகி

லோகநாயகி இதுவரை பதினான்கு கொலைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். வழிப்பறி எத்தனை என்று அவளுக்கே நினைவில்லை. ஆனாலும் படுத்தவுடன் தூங்கிவிடுகிறாள். ஏனென்றால் அத்தனையும் சிதம்பரத்தில் ஒரு சட்டக் கல்லூரியின் மாதிரி நீதிமன்றத்தில் நடந்தவை.

அந்தக் கல்லூரி கேண்டீனில் பொங்கலும் வடையும் போடுகிறவள் அவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சாட்சியாக நிற்கவேண்டிய மாணவி காய்ச்சலில் படுத்துவிட, "லோகாக்கா, அஞ்சு நிமிஷம் வந்து நின்னுட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்கள். போய் நின்றாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. அவளுடைய வாக்குமூலம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். வடைமாவு ஆட்டிக்கொண்டே மனப்பாடம் செய்துவிடுவாள். கத்தியின் நீளம், சட்டையின் நிறம், தெருவிளக்கு எத்தனை அடி தூரம் என்று எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் வரும். அவளைக் குறுக்கு விசாரணையில் மடக்குகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பது கல்லூரிப் பேச்சு. பத்து வருஷத்துக்கு முன்னால் அன்பரசு என்ற மாணவன் மடக்கப் போய், நாக்குக் குழறி, தண்ணீர் கேட்டு, கடைசியில் அந்தச் செய்முறைத் தேர்வில் தோற்றே போனான். அன்று சாயங்காலம் லோகநாயகி அவனுக்கு இரண்டு வடை சும்மாவே கொடுத்தாள். இரக்கம் ஒன்றும் இல்லை, அவ்வளவு பெருமை.

போன தை மாதம் மாணவர்கள் கீரப்பாளையத்தில் சட்ட உதவி முகாம் போட்டார்கள். டீ போட்டுக் கொடுக்க லோகநாயகியும் வேனில் ஏறிக்கொண்டாள். முகாமுக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து கிரேசி என்ற பெண் வந்திருந்தாள். அவள் புருஷன் ஆரோக்கிய ஜெகன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். அதே கீரப்பாளையத்து ரோட்டில் மொபெட்டில் வந்த ஒருவர் டிராக்டரில் மோதிக் காலை முறித்துக்கொள்ள, ஜெகன்தான் தாறுமாறாக ஓட்டி வந்து இடித்தான் என்று வழக்காகிவிட்டது.

"அவுரு வண்டிய ஓரமா நிறுத்திட்டு எளநி குடிச்சிக்கிட்டு இருந்தாருங்க. பாத்தவங்க யாரும் சாட்சி சொல்ல வரமாட்டேங்கறாங்க. அவுரு ஜெயிலுக்குப் போயிட்டா புள்ளைங்கள வெச்சிக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்?" என்று அழுதாள் கிரேசி.

லோகநாயகி டீத் தட்டோடு நின்றுவிட்டாள். "அட, நான் பாத்தேனே! எங்கண்ணால பாத்தேனே!"

மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பின்னே? பன்னிரண்டு வருஷமாகக் கூண்டில் ஏறியதும் அவள் சொல்கிற முதல் வாக்கியமே அதுதான். ஒரு பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். "அடச்சீ, சாமி சத்தியமா! தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு பஸ்ஸுக்கு நின்னேன்" என்று லோகநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். அவர்களை நம்ப வைப்பதற்குள் அத்தனை டீயும் ஆறிப்போயிற்று.

கடலூரிலிருந்து சட்ட உதவி வக்கீலாக அருள்மொழி என்கிற அம்மாள் அமர்த்தப்பட்டார். பங்குனியில் சிதம்பரம் கோர்ட்டில் லோகநாயகியின் முறை வந்தது. தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, பின் பெஞ்சில் இருந்த மாணவர்களுக்கு ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டுக் கூண்டில் ஏறினாள். ஏறியவள் எதிரே பார்த்தாள். அரசுத் தரப்பு வழக்கறிஞராக நின்றது அன்பரசு.

காட்டிய சிரிப்பை அவள் அப்படியே மடக்கிக்கொண்டாள். அவனோ பழைய பாக்கியைத் தீர்க்க வந்தவன்போல எழுந்தான்.

"சாட்சி சொல்றது உங்களுக்குப் பழக்கந்தானே?"

சத்தியம் செய்தாகிவிட்டது, என்ன செய்வது? "ஆமாங்க."

"இதுவரைக்கும் எத்தன வழக்குல சொல்லியிருக்கீங்க?"

"பதினாலு கொலைங்க. வழிப்பறி தனி."

டவாலி வாயைப் பொத்திக்கொண்டார். அருள்மொழி துள்ளி எழுந்து மாதிரி நீதிமன்றக் கதையை விளக்குவதற்குள் மாஜிஸ்திரேட் அம்மாவே சிரிப்பில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அன்பரசு விடவில்லை.

"டிராக்டர் நம்பர் என்ன?"

"தெரியாதுங்க."

"மொபெட் என்ன கலர்?"

நீலம் என்று சொல்ல நாக்கு துடித்தது. கல்லூரியாக இருந்தால் நீலம் என்றிருப்பாள், சாயம் வெளுத்த நீலம் என்றுகூடச் சொல்லியிருப்பாள். ஒரு நிறத்தைச் சொன்னால் என்ன குடி முழுகிவிடப் போகிறது? ஆனால் கிரேசி கையில் ஜெபமாலையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவனிக்கலீங்க."

"என்ன வேகத்துல வந்துது?"

"தெரியாதுங்க."

பின் பெஞ்சில் ஒருவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். லோகநாயகிக்கு அவமானத்தில் காது சுட்டது. பன்னிரண்டு வருஷப் பேர் ஐந்து நிமிஷத்தில் போயிற்று.

"அப்போ உங்களுக்கு என்னதான் தெரியும்?" என்றான் அன்பரசு.

"டிராக்டர் நின்னுக்கிட்டு இருந்துதுங்க. அந்தத் தம்பி கீழ எறங்கி எம்பக்கத்துல எளநி குடிச்சிக்கிட்டு இருந்தாரு. மொபெட்டுல வந்தவரு போன்ல பேசிக்கிட்டே வந்து பின்னால மோதினாரு. அந்தச் சத்தத்துல தம்பி கையிலேருந்த எளநி எங்கால்ல வுழுந்துது. பெருவெரல் நகமே பூடுச்சி. காட்டட்டுங்களா?"

"வேண்டாம்மா" என்றார் மாஜிஸ்திரேட் அவசரமாக.

தீர்ப்பு வர மூன்று வாரமாயிற்று. அதுவரை கேண்டீன் பொங்கலில் ஒருநாள் உப்பில்லை, மறுநாள் இரண்டு தடவை உப்பு. ஒரு குடும்பத்தைத் தானே கெடுத்துவிட்டோம் என்று நினைத்து நினைத்து அவள் பாதியாகிவிட்டாள். ஆனால் ஜெகன் விடுதலை என்று வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன சாட்சியை நம்பலாம் என்று மாஜிஸ்திரேட் எழுதியிருந்தார். கோர்ட் வராந்தாவில் கிரேசி கட்டிப்பிடித்த பிடியில் லோகநாயகிக்கு மூச்சு முட்டியது. சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

வழக்குக் கட்டுகளை இடுக்கிக்கொண்டு அன்பரசு பக்கத்தில் வந்து நின்றான். "ஏன் லோகாக்கா, அன்னிக்குக் காலேஜ்ல ஒரே ஒரு தடவ தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் பாஸாயிருப்பேன்ல?"

"அன்னிக்கு எனக்கு எல்லாமே தெரியுமே தம்பி" என்றாள் லோகநாயகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எதையும் பாக்கலையே தவுர."