சுவருக்கு இந்தப் பக்கம்

ராஜபாளையத்தில் எங்கள் வீடு அப்பாவின் சினிமா கொட்டகைக்கு நேர் பின்னால் இருந்தது. முதலாளி வீட்டுப் பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்பது அப்பாவின் சட்டம். அதனால் அம்மா அங்கே ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து காதால் கேட்டாள். கதாநாயகன் அழ ஆரம்பித்தால் குழம்பை இறக்க நேரமாயிற்று என்று அவளுக்குத் தெரியும். எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பெரியவளானதும் என்னையும் தடுத்தார்கள். அப்போதுதான் எரிச்சல் வந்தது.

நான் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த பிறகு, மின்கசிவில் கொட்டகை எரிந்துபோனது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. கல்யாண மண்டபம் கட்டுங்கள் என்று ஊரே சொன்னது. அப்பாவுக்கும் பாதி மனது அதில்தான். அம்மா மட்டும் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

"வீடு ஊமையாப் போச்சுங்க. இருக்கவே முடியல" என்றாள் ஒருநாள்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அப்பா சேத்தூர்ப் பக்கம் இருந்த மாந்தோப்பை விற்றுக் கொட்டகையைத் திரும்பக் கட்டினார். தன் வாயால் இதைச் சொல்லவே மாட்டார், அது வேறு விஷயம். ஏசி, புதுத் திரை, சுவர் முழுக்க மெத்தை வைத்த பலகை என்று அமர்க்களப்படுத்தியிருந்தார்.

திறப்பு நாளுக்காக வந்திருந்த நானும் அம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். சத்தமே இல்லை. ஏதோ தாமதம் என்று நினைத்துக்கொண்டோம். கடைசியில் அப்பாதான் வந்தார், முகமெல்லாம் சிரிப்பாக.

"எப்படி இருந்துச்சு?"

"படம் எப்பங்க ஆரம்பிக்கும்?" என்றாள் அம்மா.

முதல் காட்சி முடிந்தே போயிருந்தது. புதுச் சுவர் ஒரு சத்தத்தைக்கூட வெளியே விடவில்லை. அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோப்பு கைவிட்டுப் போனபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

"சேலைய மாத்திட்டு வா, மதியக் காட்சிக்குப் போவோம்" என்றார் எழுந்துகொண்டே.

"நானா? ஊரு என்ன பேசும்?"

"பேசுனா பேசட்டும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீயும் கெளம்பு."

அவர்களுக்குப் பின் வரிசையில் நான் உட்கார்ந்தேன். நகைச்சுவைக் காட்சிக்கு அரங்கமே சிரித்தபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் அப்பா வெளியே போனதும் ஏன் என்று கேட்டேன்.

"கல்யாணத்தன்னைக்கு மணையில உக்காந்ததுதான். அதுக்குப் பொறவு நாலு பேரு பாக்க இவிய பக்கத்துல இன்னைக்குத்தான் உக்காருதேன்."

என்ன படம் பார்த்தாய் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.